தினவாசிப்பும் தீவக வாழ்வும்: ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கிடக்கும் தீவுகளுள் ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்டழைத்த வேலணைத்தீவு முக்கியமான ஒன்றாகும். அதன் ஒரு கோடியில் அல்லைப்பிட்டியும் மறு கோடியில் ஊர்காவற்றுறைத் துறைமுகமும் அமைய, இடையே வேலணை, சரவணை, புளியங்கூடல், நாரந்தனை, கரம்பொன் எனும் ஊர்கள் பனந்தோப்புகளாலும் வயல்வெளிகளாலும் பிரிக்கப்பட்டும் இணைக்கப்பட்டும் கிடக்கின்றன. வேலணைப் பக்கம் சைவமும் சீர்திருத்தக் கிறித்துவ மிசன்மாரின் முயற்சியும் எதிரெதிர் நின்றன. ஊர்காவற்றுறைப் பக்கம் கத்தோலிக்கம் வேரூன்றி நின்றது. சரவணை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஊர். ஆதலின் ஒரு நூலை நாள்தோறும் வாசிக்கும் வழக்கம் இப்பகுதியில் எவ்வாறு தோன்றி, எவ்வாறு உருமாறியது என ஆராய்வார்க்கு அவ்வூரைச் சுற்றிய நான்கைந்து மைல் நிலப்பரப்பே போதிய களமாகும்.

ஈழத்துக் கிறித்துவ வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் மதம் மாறியோரின் தொகையையே அளவுகோலாகக் கொண்டனர். மிசனரிமாரின் அறிக்கைகள் அத்தொகை குறைவெனக் கவலைப்பட்டன. அவர்களை எதிர்த்தோர் அதே தொகையைச் சுட்டி மகிழ்ந்தனர். இரு சாராரும் கவனியாது விட்டது ஒன்றுண்டு. விவிலிய வாசிப்பு தீவகத்தில் எத்தனை பேரின் சமயத்தை மாற்றியது என்பதினும், எவர், எப்பொழுது, எங்கே, எத்தகைய தமிழில் ஒரு நூலை வாசிக்கலாம் என்ற வழக்கத்தை அது எவ்வளவு மாற்றியது என்பதே ஆழ்ந்த வினாவாகும்.

ஏட்டை வாசித்தல் என்பது இவ்வூர்களுக்குப் புதிதன்று. கோயில் மண்டபத்தில் ஒருவர் செய்யுளை இராகத்துடன் வாசிக்க, மற்றொருவர் அதன் பயனைச் சொல்ல, ஊரார் கூடியிருந்து கேட்கும் புராணபடனம் யாழ்ப்பாணத்துச் சைவ வாழ்வின் நடுநாயகமாக விளங்கியது. கந்தபுராணம் படிப்பதற்கும், மார்கழியில் திருவாதவூரர் புராணம் படிப்பதற்கும், விநாயக விரதக் காலத்தில் சுன்னாகம் வரதபண்டிதரின் பிள்ளையார் கதை படிப்பதற்கும் உரிய நாள்கள் வகுக்கப்பட்டிருந்தன. எனவே நாளோடு நூலைப் பிணைக்கும் வழக்கம் இங்கு முன்னரே வேரூன்றியிருந்தது. ஆயின் அவ்வாசிப்பு ஊருக்குரியது. வாசிப்போன் வேறு, பயன் சொல்வோன் வேறு, கேட்போர் வேறு. தனியொருவர், அதிலும் வீட்டிலிருக்கும் பெண் ஒருவர், விடியற்காலையில் ஒரு பகுதியைத் தாமே வாசித்து, அதன் பயனைத் தம் அன்றைய வேலைக்குப் பொருத்தித் தாமே சொல்லிக்கொள்ளும் முறையை இம்மரபு வேண்டவில்லை.

கத்தோலிக்க மரபிலும் தொடக்கத்தில் நிலைமை இதுவே. அன்றிறிக்கி அடிகளார் முத்துக்குளித்துறைப் பரதவருக்காகத் தமிழில் அச்சிட்ட நூல்களுள் 1578இன் தம்பிரான் வணக்கமும், 1586இன் அடியார் வரலாறும் குறிப்பிடத்தக்கவை. பின்னையது புனிதரின் சரிதங்களைத் திருநாள் ஒழுங்கில் வைத்துக் கூறுவது. அச்சுத் தமிழின் குழந்தைப் பருவத்திலேயே ஆண்டு வட்டத்தை ஒட்டிய ஒரு வாசிப்பு நூல் தோன்றிவிட்டது என்பது கருதத்தக்கது. மறக்கப்பட்டுக் கிடந்த இப் பழைய அச்சு நூல்களை ஐரோப்பிய நூலகங்களில் தேடி உலகறியச் செய்தவர்களுள் முதன்மையானவர் 1913இல் கரம்பொன்னிற் பிறந்த தனிநாயகம் அடிகள். சரவணையிலிருந்து நடந்து சென்றடையத்தக்க ஊர் கரம்பொன்.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். 1658இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. புதிய ஆட்சியாளர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்து, தமது சீர்திருத்தத் திருச்சபையை நிறுவினர். வேலணையும் அல்லைப்பிட்டியும் அவர்களது கோவிற்பற்றுகளாயின. ஒவ்வொரு கோவிற்பற்றிலும் பாடசாலை ஒன்றும் உபாத்தியாயர் ஒருவரும் இருந்தனர். ஞானஸ்நானம், விவாகம் ஆகியவற்றைத் தோம்பிற் பதிவதும், பிள்ளைகளுக்குச் செபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கற்பனைகளையும் மனனஞ் செய்விப்பதும், ஞாயிறுதோறும் எழுதி அனுப்பப்பட்ட பிரசங்கத்தை வாசிப்பதும் அவரது கடன். 1672இல் ஆம்ஸ்ரடாமில் நூல் வெளியிட்ட பால்தேயுஸ் பாதிரியார், 1663இல் யாழ்ப்பாணத்துக் கிறித்துவர் 62,000க்கு மேற்பட்டோர் எனக் கணக்கெழுதினார். அவரது காலத்தில் மத்தேயுவின் சுவிசேஷம் தமிழாக்கப்பட்டுக் கையெழுத்துப் படிகளாக வழங்கியது. ஈழத்துத் தமிழ்ப் போதகரான பிலிப்பு தெ மெல்லோவின் புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சேறியது.

இவ்வளவும் இருந்தும், 1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர் இச்சபை காலைப் பனிபோல் கரைந்தது. காரணத்தை வெறுமனே வற்புறுத்தலின் மீது போட்டுவிடுவது எளிது. வற்புறுத்தல் உண்மையே, தோம்பிற் பெயர் இல்லாதவர்க்குக் காணியுரிமையும் உத்தியோகமும் எட்டாக்கனிகளாயின. எனினும் வேறொரு காரணமும் உண்டு. ஒல்லாந்தர் தந்தது மனனமே, வாசிப்பன்று. உபாத்தியாயர் முன் ஒப்புவிக்கப்பட்ட பாடம் பாடசாலைப் படியைத் தாண்டி அடுக்களை வரை செல்லவில்லை. வீட்டிற் புகாத நூல் வீட்டாரின் நூலாவது எங்ஙனம்?

அதே காலத்தில் தடைசெய்யப்பட்ட கத்தோலிக்கம் பிழைத்த வரலாறு இதற்கு நேர்மாறானது. கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகளார் 1687இல் யாழ்ப்பாணத்தை அடைந்தார். அவரைப் பின்தொடர்ந்து 1705இல் இலங்கை வந்த சாங்கோபாங்க சுவாமி எனப்படும் யாக்கோமே கொன்சால்வெஸ், 1742இல் இறக்கும் வரை தமிழிலும் சிங்களத்திலும் ஓயாது எழுதினார். தேவ அருள்வேத புராணம், சுவிசேஷ விரித்துரை, வியாகுலப் பிரசங்கம் முதலியன அவரது தமிழ் நூல்கள். குருவானவர் ஆண்டுக்கொரு முறை வருவதே அரிதாயிருந்த காலம் அது. வாசிக்கத் தெரிந்த ஒருவர் மறைவாகப் பிரதியை எடுத்து வாசிக்க, மற்றையோர் சூழ்ந்திருந்து கேட்பதே வழிபாடாயிற்று. தபசு காலத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கும் வழக்கம் தடைக்காலம் கடந்தும் நெடுநாள் நிலைத்தது. புராணபடனத்தின் ஓசையும் அமைப்பும் இதிற் புகுந்தன என்பதைச் செவியுள்ளோர் எவரும் மறுக்கார். விவிலியத்தைக் கையிலேந்தாத அச் சமூகம் விவிலியக் கதைகளை மறக்கவில்லை. பிற்காலத்தில் மெலிஞ்சிமுனை போன்ற கடற்கரையூர்களில் அண்ணாவியாரின் கொப்பியிலிருந்து விடியவிடிய ஆடப்பட்ட கூத்துகளும், விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டார் கூடிச் சொல்லும் செபமாலையும் எழுத்தறியாதாரின் தினவாசிப்பே எனலாம்.

தனியொருவர் நாள்தோறும் ஒரு சிறு பகுதியை வாசித்துத் தியானித்தல் என்ற முறை மேனாட்டிலும் மிகப் பழையதன்று. மடங்களில் துறவியர்க்கு அது பண்டே உண்டு. இல்லறத்தாருக்கான ஒழுங்காக அதனைப் பரப்பியவர்களுள் செருமானிய பக்தி இயக்கத்தார் முக்கியமானவர். எர்ண்கூட் எனும் ஊரின் மொராவியச் சபையார் நாளொன்றுக்கு ஒரு வசனமாக ஆண்டு முழுமைக்கும் தொகுத்த நூலை 1731 முதல் அச்சிட்டனர். அந்த இயக்கத்தின் மற்றொரு நிலைக்களமான ஆலே நகரின் தொடர்பிலிருந்தே சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கு அச்சேறி முற்றுப்பெற்றது. 1879இல் இலண்டனில் அச்சிடப்பட்ட வேதவாசிப்பு அட்டைகள் இம்முறையை உலகெங்கும் பரப்பின.

யாழ்ப்பாணத்தில் இதனை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் அமெரிக்க மிசனரிமார். 1816இல் தெல்லிப்பழையில் பணி தொடங்கிய அவர்கள் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும், 1824இல் உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையையும் நிறுவினர். காரைநகர், வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்கள் அவர்களது கிளை நிலையங்களாயின. 1834இல் மானிப்பாயில் அச்சகம் அமைந்த பின்னர், முழு விவிலியத்தை வாங்க இயலாதார்க்கும் ஒரு சுவிசேஷமோ சங்கீதப் பகுதியோ தனிப் புத்தகமாகக் கிடைத்தது. உடுவிலில் வாசிக்கக் கற்ற பெண்கள் மணமுடித்துச் சென்ற வீடுகளில் வாசிப்பும் உடன் சென்றது. வேதாகமப் பெண்கள் எனப்பட்டோர் படலை படலையாகச் சென்று, வெளியே வராத மகளிர்க்கு வாசித்துக் காட்டினர். மதம் மாறியோர் சிலரே. ஆனால், பெண் ஒருத்தி பகல் வேளையில் புத்தகம் ஒன்றைக் கையிலெடுத்துத் திண்ணையிலிருந்து வாசித்தல் பழிக்குரிய செயலன்று என்ற எண்ணம் மதம் மாறாத வீடுகளிலும் மெல்ல நுழைந்தது.

மிசனரிமார் விரும்பியது மௌன வாசிப்பை. தீவகத்தார் செய்தது ஓசை வாசிப்பை. வாய்விட்டு வாசிப்பதும், வாசித்தபின் வீட்டுப் பெரியவர் நாலு வார்த்தை சொல்வதும் பழைய பயன் சொல்லும் முறையின் தொடர்ச்சியே. அந்த நாலு வார்த்தையில் திராட்சைத் தோட்டமும் உறைபனியும் சிறப்பிடம் பெற்றிருத்தல் அரிது. வலை, தோணி, உப்பு, காற்று, கிணறு என்பன வந்தபோதே நூல் ஊரோடு பேசியது.

கிணறு என்ற சொல்லில் சற்றே தரித்து நிற்க வேண்டும். தீவகத்தில் நன்னீர் அரிது. மழைநீர் நிலத்தடியில் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாகவே தங்குகின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவர்க்கும். ஆதலின் நன்னீர்க் கிணற்றின் மீதான உரிமை இங்கு வாழ்வின் மீதான உரிமையாகும். அவ்வுரிமை சாதியால் வரையறுக்கப்பட்டிருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியார் துலாவைத் தொடலாகாது. குடத்துடன் காத்து நின்று, பிறர் வார்க்க ஏந்த வேண்டும். இந்நிலையிலுள்ள ஊரில், சமாரியப் பெண்ணிடம் கிணற்றடியில் தண்ணீர் கேட்ட வரலாற்றை யோவான் சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்திலிருந்து காலையில் வாசிப்பது சாதாரணச் செயலன்று. கலந்து புழங்காத இரு குலத்தாரின் நீர் வழக்கே அப்பகுதியின் கரு. வேறெந்த நாட்டு வாசகரினும் யாழ்ப்பாணத்து வாசகர்க்கு அதன் பொருள் வெள்ளிடைமலை.

வாசித்தனர், கிணறு திறக்கப்படவில்லை. இவ்வுண்மையை மூடி மறைத்தல் வரலாறாகாது. கிறித்துவக் கோயில்களிலேயே சாதி பார்த்து இடம் ஒதுக்கப்பட்டது. மிசன் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கும் முயற்சி மீண்டும் மீண்டும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1929, 1930ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கட்டாயமாக்கப்பட்டபோது குடாநாட்டிற் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. கிணறு, கோயில், தேநீர்க் கடை ஆகியவற்றில் விலக்கி வைத்தலைக் குற்றமாக்க 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வேண்டியிருந்தது. அச்சட்டமும் 1960களின் பிற்பகுதியிலே எழுந்த போராட்டங்களின் பின்னரே உயிர் பெற்றது. தினவாசிப்பு மனச்சாட்சியைத் தொடும் என்பது மிசனரிமாரின் நம்பிக்கை. நாள்தோறும் கேட்டுப் பழகிய சொல் அப்பழக்கத்தினாலேயே கூர் மழுங்குதலும் உண்டு என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எனினும் மறுபக்கமும் காணல் தகும். மிசன் பாடசாலையின் பின் வாங்கிலோ வெறுந்தரையிலோ இருந்தேனும் எழுத்தைக் கற்ற ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகள் அதே பகுதியைத் தாமும் வாசித்தனர். மேல்நிலையார்க்கு மழுங்கிய சொல் அவர்களுக்கும் மழுங்கியதாகவே இருந்திருக்கும் எனக் கொள்வதற்கில்லை.

பழக்கத்தின் வலிமை வேறோரிடத்தில், அறிஞரே வியக்கும் வண்ணம் வெளிப்பட்டது. அதுவே யாழ்ப்பாண மொழிபெயர்ப்பின் கதை. பீற்றர் பேர்சிவல் பாதிரியார் வெசுலியன் மிசன் சார்பில் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய காலத்தில் விவிலியத்தைப் புதிதாகத் தமிழாக்கும் பொறுப்பை ஏற்றார். அவருக்குத் துணையாக அமைந்தவர் நல்லூர் ஆறுமுகநாவலர். 1822இற் பிறந்த நாவலர் இருபது வயதளவில் இப்பணியிற் புகுந்து, 1848 வரை அதில் ஈடுபட்டார். கிறித்துவரல்லாத ஒருவரே அக்கால யாழ்ப்பாணத்தில் விவிலியத்தை நாள்தோறும், வரி வரியாக, சொல் சொல்லாக, ஆண்டுக்கணக்கில் வாசித்தவர் என்பது வரலாற்றின் சுவைமிக்க முரண்களுள் ஒன்று. மொழிபெயர்ப்பை அச்சிடுவதற்காகப் பேர்சிவலுடன் அவர் சென்னை சென்றதும், மழவை மகாலிங்கையர் அதனைப் பார்வையிட்டு மெச்சியதும் நாவலர் சரித்திரங்கள் கூறும் செய்திகள். நூல் 1850இல் வெளிவந்தது.

இலக்கண வழுவற்ற அத் தமிழ் வெற்றி பெற்றிருக்க வேண்டும். பெறவில்லை. தமிழகத்துச் சபைகளின் செவி பப்ரிசியுஸ் பாதிரியாரின் மொழிபெயர்ப்பில் ஊறியிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பின் தொடரமைப்பு தமிழ்ப் புலவர்க்கு உவப்பளிக்காதது. ஆயினும் இரண்டு மூன்று தலைமுறையினர் அதனை வாசித்தே துயரில் ஆறுதல் பெற்றிருந்தனர். பிணத்தின் தலைமாட்டிலும் மணப்பந்தலிலும் அதனையே கேட்டிருந்தனர். அவர்களுக்கு அது பொன் மொழிபெயர்ப்பு. புலமை ஒரு பக்கமும் பழக்கம் மறுபக்கமும் நின்ற வழக்கில் பழக்கமே வென்றது. பின்னர் என்றி போவர் பாதிரியார் தலைமையில் உருவாகி, தமிழகமும் யாழ்ப்பாணமும் இணங்கி ஏற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871இல் வெளிவந்தபோது, அது பெரிதும் பப்ரிசியுஸின் தடத்திலேயே சென்றது. பராபரன் என்ற அவரது சொல்லை விடுத்துத் தேவன் என்ற சொல்லை ஆண்டமை போன்ற மாற்றங்கள் இருந்தன; ஓசை பெரிதும் பழையதே.

நாவலர் சென்னையிலிருந்து வெறுங்கையுடன் மீளவில்லை. 1847 மார்கழியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தொடங்கிய பிரசங்கங்களும், 1848இல் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும், தொடர்ந்து வெளியிட்ட பாலபாடங்களும், வினாவிடை நூல்களும், அனுட்டான விதிகளும் ஒருங்கு வைத்து நோக்கத்தக்கவை. 1854இல் வெளிவந்த சைவ தூஷண பரிகாரத்தில், யூதரின் ஆலய வழிபாட்டில் தூபமும் தீபமும் பலியும் இருந்தமையை விவிலியத்திலிருந்தே எடுத்துக் காட்டி எதிராளியை மடக்கினார். எட்டாண்டு தினவாசிப்பு இல்லாமல் அந்நூல் தோன்றியிராது. அதனினும் முக்கியமானது, சைவர் ஒவ்வொருவரும் நாள்தோறும் நியமமாகச் செய்ய வேண்டியதையும் ஓத வேண்டியதையும் எளிய வசனநடையில் அச்சிட்டு வீட்டுக்குள் அனுப்பியமை. நித்திய கருமம் ஆகமம் வகுத்ததே, மிசனரிமாரிடமிருந்து கடன்பெற்றதன்று. ஆனால், அதனை அச்சுப் புத்தகமாக ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுத்த முறை அயலவரின் ஆயுதத்தை நன்கறிந்த ஒருவரின் முறை. இந்த அலை தீவகத்தையும் அடைந்தது. வேலணையில் எழுந்த சைவப்பிரகாச வித்தியாசாலை அதன் விளைவு. சைவப் பிள்ளை காலையில் திருநீறணிந்து தேவாரம் ஓதுவதும் கிறித்துவப் பிள்ளை சங்கீதம் வாசிப்பதும் ஒரே பொழுதில், ஒரே விதமான புத்தகத்தைக் கையிலேந்தி நிகழ்ந்தன.

கத்தோலிக்கரின் கைக்கு விவிலியம் வந்தது பிந்தியே. இயேசு சபைத் துறவி திரிங்கால் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கியிருந்தார். ஆயினும் இல்லங்களில் செபப்புத்தகமும் புனிதர் சரிதமுமே மிகுதியாக வழங்கின; பூசை இலத்தீனில் நிகழ்ந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு இடமளித்தது. 1965இல் வேத வாசிப்பை விசுவாசிகள் அனைவர்க்கும் பரிந்துரைத்தது. 1969இன் புதிய வாசக ஒழுங்கு ஞாயிறுகளுக்கு மூன்றாண்டு வட்டமும் வாரநாள்களுக்கு ஈராண்டு வட்டமும் வகுத்தது. ஊர்காவற்றுறைக் கோயிலிற் காலைப் பூசையில் வாசிக்கப்படும் பகுதியே உரோமாபுரியிலும் அன்று வாசிக்கப்படுவதாயிற்று. குருவானவரன்றி ஊரவர் ஒருவரே வாசக மேடையில் நின்று தமிழில் வாசித்தார். தடைக்காலத்திற் கொன்சால்வெஸ் நூலை மறைவில் வாசித்த ஊரவரின் இடம், இருநூற்றைம்பது ஆண்டுகளின் பின் வெளிச்சத்துக்கு வந்தது எனக் கூறலாம்.

அவ்வொழுங்கு இருபது ஆண்டுகளே அமைதியாக நடந்தது. 1990, 1991ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகளை அடுத்துத் தீவகத்தாரிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். சரவணை முதலாய ஊர்களில் வீடுகள் கூரையிழந்தன, கிணறுகள் தூர்ந்தன, வீதிகளைப் பற்றை மூடியது. கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்து வாழ்ந்து பழகிய சமூகம் இம்முறை பாரிசுக்கும் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்றது. கத்தோலிக்கரும் பிறசபையாரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே வலிகாமமும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. வேறுபட்ட சொற்களால் இறைவனை அழைத்துவந்த சபைகள் கடவுள் என்ற ஒரே சொல்லில் உடன்பட்டபோது, அதனை வாசிக்க வேண்டிய தீவக வீடுகள் பூட்டிக் கிடந்தன.

பின்னர் மீள்குடியேற்றம் நிகழ்ந்தது, திரும்பியோர் சிலர். கத்தோலிக்கக் கோயில்களில் பொது மொழிபெயர்ப்பு ஒலிக்கின்றது. சீர்திருத்தச் சபையாரின் இல்லங்களிலோ 1871ஆம் ஆண்டின் பாடமே பெரும்பாலும் இன்றும் வாசிக்கப்படுகின்றது. புலம்பெயர்ந்த நாட்டிற் பிறந்த பேரப்பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தெரியாவிடினும், காலையில் பேத்தியார் வாய்விட்டு வாசிக்கும் அந்தப் பழைய ஓசை தெரியும்.